பந்தல்காரன் கட்டிய குடில்

கூரை ஏறிவிட்டது. கடைசி போல்ட்டையும் முறுக்கியாகிவிட்டது. நான் உள்ளே நின்று, முன்பக்கம் நெஞ்சு உயரத்தில் போட்டிருந்த பலகையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, எதிரே இருந்த ஜாதிக்காய் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபதைத் தாண்டிய ஒரு மனிதன் தன் கையாலேயே தனக்கொரு கேபின் கட்டி முடித்திருக்கிறான். கொஞ்சம் கர்வம் இருக்கத்தான் செய்யும். மழை விட்ட நேரம். மண்ணும் புதுப் பலகையும் கலந்து மணத்தன. நிம்மதி என்றால் இதுதானடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது மேட்டுப் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் இறங்கி வந்தது. பக்கத்துத் தோட்டத்து மலாய்க்காரர் பாக் ஹஸான். பின்னால் கூடை நிறைய ஜாதிக்காய். வண்டியை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார். கூரையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஆயர் ஆப்பா ஜுவால், அங்கள்?” என்றார்.

என்ன தண்ணீர் விற்கிறாய் என்று மலாயில் கேட்கிறார்.

நான் எதையும் விற்கவில்லை, இது என் சொந்தக் கேபின் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் வலது கை தன்னால் போய், பிளாஸ்கிலிருந்த என் தேநீரை மூடியில் ஊற்றி, பலகைக்கு மேலாக அவரிடம் நீட்டிவிட்டது. அவரும் வாங்கிக் குடித்தார். சீனி கொஞ்சம் குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு பின்பக்கமாகக் குனிந்து வெளியே வந்து, பாதையில் அவர் வண்டி நின்ற இடத்தில் நின்று நான் கட்டியதைப் பார்த்தேன். தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் மூன்று மாதம் பின்னால் போக வேண்டும்.

டப்பாக்களின் ஆட்சி

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் வேலை ஓய்வு விருந்தைப் பற்றி எழுதியிருந்தேன். சந்தன மாலை, கைக்கடிகாரம், மேனேஜர் என் பெயரைத் தப்பாக உச்சரித்தது எல்லாம். அதைப் படித்த ஒரு வாசகி, “விருந்தெல்லாம் சரி, வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். விவரமான அம்மா. சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

ஜுருவில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர் சூப்பர்வைசர். பினாங்குத் தீவிலிருந்து தினமும் பாலம் தாண்டிப் போய், பாலம் தாண்டி வந்தவன். என் மனைவி திலகா ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து, எனக்கு ஐந்து வருடம் முன்பே ஓய்வு பெற்றவள். அந்த ஐந்து வருடமும் காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை எங்கள் ஆயர் ஈத்தாம் வீடு அவள் ஒருத்திக்குச் சொந்தம். நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலையோடு அது முடிந்தது.

ஸ்டோரில் இருந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதற்கு ஒரு சீட்டு ஒட்டத் தோன்றும். முதல் வாரம் மசாலா டப்பாக்கள். இரண்டாம் வாரம் ஐஸ்பெட்டி: பழைய பால் முன்னால், புதிய பால் பின்னால், முதலில் வந்தது முதலில் போக வேண்டும். மூன்றாம் வாரம் அவள் தோசையைத் திருப்பும் விதத்தில் கை வைத்தேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

இந்த இடத்தில் திலகாவின் பேச்சைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு மலாயா வந்தவர். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்ததால் பேச்செல்லாம் நம் பினாங்குப் பேச்சுதான். கோபம் வந்தால் மட்டும் தாய்வீட்டு யாழ்ப்பாணம் வெளியே வந்துவிடும். “வாங்க” என்பவள் “வாங்கோ” என்பாள். முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் அந்த “ங்கோ”வை வைத்துத்தான் நான் குடை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்து வந்திருக்கிறேன்.

ஒரு நாள் காலை நான் தேயிலை டப்பாவில் காலாவதித் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இஞ்ச பாருங்கோ. நான் ஜொகூருக்கு மகளிட்டப் போகப் போறன். இந்த வீட்டில எனக்கு மூச்சு விடேலாமக் கிடக்கு. போனாப் போனதுதான்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தால் அலமாரி ஓரத்தில் பெட்டி கட்டி முடித்து நின்றது.

மகளுக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு ரூம் ரெடி என்றாள். அப்போ நானும் வரவா என்று விளையாட்டாகக் கேட்டேன். “நீங்க அங்கயே இருங்கப்பா” என்றாள். பெற்ற பிள்ளை.

பயந்துவிட்டேன். எழுதுவதற்கு வெட்கமில்லை. அவள் இல்லாத வீட்டை ஒரு முறை நினைத்துப் பார்த்தேன். எல்லா டப்பாவும் அதது இடத்தில் இருந்தது.

அப்போதுதான் பாலேக் பூலாவ் நிலம் ஞாபகத்துக்கு வந்தது. தீவின் மறுபக்கம், மலையடிவாரத்தில் மாமனார் வாங்கிப் போட்ட சின்னத் துண்டு. பத்துப் பன்னிரண்டு ஜாதிக்காய் மரம், இரண்டு டுரியான் மரம். திலகா பேரில் இருக்கிறது. அவளிடம் கெஞ்சினேன். மூன்று மாதம் கொடு, அங்கே எனக்கொரு கேபின் கட்டிக்கொள்கிறேன், காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் விளக்கு வைக்கத்தான் வீட்டுக்கு வருவேன், பகல் முழுக்க வீடு உனக்கு என்றேன்.

அவள் யோசித்தாள். மூன்று மாதம், அதற்கு மேல் ஒரு நாள் நிற்க மாட்டேன் என்றாள். பெட்டியை மட்டும் அவிழ்க்கவில்லை.

கேபினா, கொட்டிலா?

நான் அதைக் கேபின் என்று சொன்னேன். இணையத்தில் வெள்ளைக்காரர்கள் காட்டுக்குள் தனியாளாகக் கட்டுகிறார்கள் பாருங்கள், தாடியும் கோடாலியுமாக, அந்தப் படங்களை நாற்பது ஐம்பது பார்த்துவிட்டேன். பார்க்கப் பார்க்க நானும் பாதி கட்டி முடித்த மாதிரியே இருந்தது.

திலகா அதைக் கொட்டில் என்றாள். “உங்கட கொட்டில்” என்றுதான் வாயில் வரும். யாழ்ப்பாணத்தில் மாட்டைக் கட்டுகிற இடத்துக்கும் அதே சொல்தான் என்று மச்சான் ஒரு தடவை எனக்கு விளக்கியிருந்தார். நான் அவளிடம் மேற்கொண்டு கேட்டுக்கொள்ளவில்லை.

கணேசன் மலாயில் பொண்டோக், அதாவது குடிசை என்றான். கணேசன் என் தொழிற்சாலை நண்பன். பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக இருந்தவன், என்னைவிட இரண்டு வயது இளையவன். அளவாகப் பேசுவான், நான் பேசுவதை முழுக்கக் கேட்பான். அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். உதவிக்கு வருகிறாயா என்றதும் எந்த நிலம், என்ன கட்டடம் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. “பைப் எங்கிட்ட இருக்குண்ணே” என்றான்.

அந்தப் பைப் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

இருபத்திரண்டு பந்தல்

தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழி நெடுக தண்ணீர்ப் பந்தல் நிற்கும். வங்கிக்காரர்கள் பந்தல், ஆஸ்பத்திரிக்காரர்கள் பந்தல், லாரிக்காரர்கள் பந்தல். எங்கள் தொழிற்சாலைத் தமிழர்களுக்கும் ஒரு பந்தல். இருபத்திரண்டு வருடம் அதைக் கட்டியது நானும் கணேசனும்தான். நான் திட்டம், அவன் ஸ்பேனர்.

பந்தல் கட்டுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். பின்சுவர் முதலில். பிறகு இரண்டு பக்கம். பிறகு கூரை, அதை முன்னால் நான்கு அடி நீட்டி விட வேண்டும், வரிசையில் நிற்பவர்கள் தலையில் வெயில் படாமல். முன்பக்கம் முழுக்கத் திறப்பு. குறுக்கே நெஞ்சு உயரத்தில் பலகை. பின்மூலையில் டம்ளர் கழுவும் இடம், தண்ணீர் ஓடத் தரையில் லேசான சரிவு. ஆணி கூடாது. எல்லாம் இரும்புப் பைப்பும் கிளாம்பும் போல்ட்டும்தான், மூன்றாம் நாள் பிரித்துக் கணேசன் வீட்டில் அடுக்க வேண்டுமே.

எங்கள் பந்தலுக்கு ஒரு பெருமை இருந்தது. மற்றவர்கள் எல்லாம் காகிதக் கோப்பைக்கு மாறிய பிறகும் நாங்கள் எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுத்தோம். அது நான் போட்ட சட்டம். மோர் என்றால் டம்ளரில் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மோரே இல்லை என்பேன். மேடை கிடைத்தால் இன்றைக்கும் சொல்லுவேன்.

அந்த டம்ளர்களை யார் கழுவினார்கள் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

கை பழகிய வேலை

கேபினுக்கு நான் முறையாகத் திட்டம் வரைந்தேன். கட்டக் காகிதம், அடிக்கோல், கூர் சீவிய பென்சில். நான்கு சுவர், ஒரு கதவு, மலையைப் பார்த்து ஒரு ஜன்னல், மேசைக்கு ஓர் இடம். திலகாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, எவ்வளவு நாளில் முடியும் என்று மட்டும் கேட்டாள்.

முதல் நாளே மழை. திட்டத்தை போல்ட் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு மரத்தடிக்கு ஓடினோம். மழை விட்டு வந்து பார்த்தால் காகிதம் கூழாகிவிட்டது. கணேசன் என் முகத்தைப் பார்த்தான். பரவாயில்லை, இதெல்லாம் நமக்குப் புதுசா என்றேன். ஆமாண்ணே, நமக்குப் புதுசா என்றான். கெட்டது அந்த இடத்தில்தான்.

ஆனால் வேலை என்ன வேலை! இணையத்துத் தாடிக்காரர்கள் ஒரு தூணை நட்டு நிறுத்த அரை நாள் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நான்கு மூலையும் நிறுத்திவிட்டோம். வாரத்தில் நான்கு நாள் போவோம். மழை வந்தால் மரத்தடியில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்போம். உள்ளங்கையில் தோல் உரிந்து, காய்த்து, மறுபடி உரிந்தது. என் கைகளை எனக்கே பிடித்துப் போன காலம் அது.

சுவருக்குப் பலகை. இடிந்த பழைய கடைவீட்டு மரம் விற்கிற ஒருவரிடம் பொறுக்கி எடுத்தது. ஒவ்வொரு பலகையையும் நானே இழைத்தேன். தரையைச் சிமெண்டுக் கட்டை மேல் தூக்கி, பின்மூலைக்கு லேசாகச் சரிவு கொடுத்தேன். எதற்குச் சரிவு என்று அப்போது நான் என்னையே கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். கணேசன் ஒவ்வொரு பைப்பிலும் மஞ்சள் பெயின்டில் எண் போட்டான். எதற்குடா என்று அவனையும் நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் பிரித்துத் திரும்பக் கட்ட எண் வேண்டாமா?

கடைசி வாரம் அவன் முன்பக்கத்துப் பலகையைத் தூக்கிப் பிடித்தான். நான் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. இவ்வளவு துல்லியமாக ஒரு தப்பை நான் அதற்கு முன்னால் செய்ததில்லை.

பிள்ளையார் பிடிக்கப் போய்

ஆக, பாக் ஹஸான் தேநீரைக் குடித்துவிட்டுப் போன அந்தப் பகலில், பாதையில் நின்று நான் பார்த்தது இதைத்தான்: பாலேக் பூலாவ் ஜாதிக்காய்த் தோட்டத்துக்கு நடுவில், ஜனமே இல்லாத இடத்தில், அட்சரம் பிசகாமல் ஒரு தண்ணீர்ப் பந்தல். கதவு கிடையாது. உள்ளே போக வேண்டுமானால் பின்பக்கம், அண்டா தூக்கிப் போக விடுகிற அந்தச் சின்னத் திறப்பில் குனிந்து போக வேண்டும்.

கணேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். “பாட்டுப்பெட்டிதாண்ணே குறை” என்றான்.

முன்பக்கத்தை அப்போதே அடைத்திருக்கலாம். அடைத்திருந்தால் புத்திசாலி. ஆனால் மறுநாள் சைக்கிள்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். வார இறுதியில் அந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அதிகம். வியர்த்து விறுவிறுத்து வந்து பலகையில் கையை வைத்து, என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். தாகத்தோடு வந்தவனை இல்லை என்று அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. அதற்கடுத்த நாள் எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுபோனேன். அதற்கடுத்த நாள் சூலியா தெருவில் ரோஸ் சிரப்பு வாங்கினேன். கணேசன் தன் வீட்டு ஸ்டோரில் கிடந்த எவர்சில்வர் டம்ளர்களை மூட்டையோடு கொண்டுவந்து இறக்கினான்.

இரண்டே வாரம். தனிமை தேடிப் போனவன், சனி ஞாயிறில் உட்கார நேரமில்லாமல் நின்றேன். தண்ணீர் இலவசம் என்றதும் ஜனங்கள் என்னோடு நின்று பேசினார்கள். நானும் பேசினேன். சைக்கிளில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும், தலைக்கவசம் எப்படிப் போட வேண்டும் என்றெல்லாம் திருத்தி அனுப்பினேன். பிறவிப்பயன் கிடைத்தது போல இருந்தது.

வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் காலையில் போய் மாலையில் வந்தது வாஸ்தவம். ஆனால் போகும் முன்பு திலகா எலுமிச்சை பிழிந்து வைக்க வேண்டும், மோருக்குத் தயிர் போட்டு வைக்க வேண்டும். வந்த பிறகு அன்றைக்கு வந்த ஆட்கள் அத்தனை பேர் கதையையும் கேட்க வேண்டும். பகலில் இரண்டு தடவை போன் வேறு: உப்பு எவ்வளவு, இஞ்சி போடலாமா. அவள் வாயே திறக்கவில்லை. “ங்கோ” வரவில்லையே, வானம் தெளிவாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மரமண்டை.

மூன்றாம் வாரம் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றாள். கொடுத்த மூன்று மாதமும் அன்றோடு முடிந்திருந்தது. போவதற்கு முன்னால் அப்பா நிலத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன், நாளைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள்.

அவள் வந்த நாள்

வழியெல்லாம் நான் பேசவில்லை. அதுவே எங்களுக்குப் புதிது.

அவள் குடிலைச் சுற்றி வந்தாள். பின்பக்கத் திறப்பில் சேலையைச் சேர்த்துப் பிடித்துக் குனிந்து உள்ளே போனாள். நேராகப் பின்மூலைக்குப் போய், கழுவும் இடத்தில் நின்றாள். யாரும் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை. நின்ற பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது போலிருக்கிறது. காலடியில் தரைச் சரிவைப் பார்த்தாள்.

“என் எடத்த சரியா கட்டியிருக்கீங்க” என்றாள்.

அந்த நேரம் பார்த்து இரண்டு சைக்கிள்காரர்கள் வந்தார்கள். நான் மோர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்த டம்ளர்களை வாங்கித் திரும்பாமலேயே பின்னால் நீட்டினேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். பின்னாலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. திரும்பினேன். ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. இன்னொன்று அப்படியே அவள் கையில் இருந்தது.

அவள் கோபப்படவில்லை. யாழ்ப்பாணம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நம் வீட்டுப் பேச்சில், அமைதியாகத்தான் கேட்டாள். நான் பயந்தது அதனால்தான்.

“மலைக்குப் போற அத்தனை பேருக்கும் தண்ணி குடுத்தோம். இருபத்திரெண்டு வருசம். ஒரு தைப்பூசத்துக்காவது நான் மேல ஏறுனேனா?”

நான் யோசித்தேன். ஒரு வருடமாவது இருக்கும் என்று தேடினேன். கொடி மரத்திலிருந்து கோபுரம் வரைக்கும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது; நடுநடுவே கணேசனிடம் பந்தலை விட்டுவிட்டு நான் வருடா வருடம் ஏறி வந்திருக்கிறேன். அவள் எங்கே? பின்மூலையில். டம்ளர் தீர்ந்துபோச்சு என்று நான் குரல் கொடுக்கிற தூரத்தில்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...” என்றேன்.

“சொல்லியிருந்தா, எந்தப் படியில எந்தக் கால வெக்கணும்னு சொல்லிக் குடுத்திருப்பீங்க.”

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மோர் அண்டாவைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். ஊரெல்லாம் தாகத்துக்குக் கொடுத்த புண்ணியவான் என்று என்னைப் பற்றி நான் வைத்திருந்த கணக்கு அன்றைக்கு என் கண் முன்னாலேயே தப்பாகிப் போனது.

அவள் கையிலிருந்த டம்ளரைக் கழுவாமல் பலகையில் வைத்தாள். ஜாதிக்காய் மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த இடம் அவளுக்குப் பிடித்திருக்கிறது. பந்தல் இன்றோடு சரி. முன்பக்கத்தை அடைக்க வேண்டும். கதவு வைக்க வேண்டும், உள்தாழ்ப்பாளோடு. பகலில் அவள் இங்கே இருப்பாள், நான் வீட்டில் இருக்கலாம்.

“வீடு உனக்குத்தானே விட்டுக்குடுத்தேன்” என்றேன்.

“அத நீங்களே வெச்சிக்கங்க. எல்லா டப்பாவுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு.”

அப்போ ஜொகூர் என்று கேட்டேன். கதவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டாள்.

கதவு

இருபத்திரண்டு பந்தல் கட்டியவனுக்குக் கதவு வைக்கத் தெரியாது. இதை நான் அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன். பந்தலுக்கு ஏது கதவு?

ஒரு ஜன்னலுக்கும் கதவுக்கும் இடம் விட்டு முன்பக்கத்தைப் பலகையால் அடைத்தது ஒரு நாள் வேலை. கவுண்டர்ப் பலகையைக் கழற்றும்போது கணேசன் கொஞ்சம் தயங்கினான். நான் தயங்கவில்லை. பின்மூலையில் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து, தரையைச் சமமாக்கினேன். பின்பக்கத் திறப்பைப் பலகை வைத்து மூடினேன். அதன் பிறகு நிலை. நிலையை நிறுத்தினால் கதவு உட்காரவில்லை. கதவை உட்கார வைத்தால் கீல் பேசவில்லை. முதல் கதவைச் சின்னதாக அறுத்துவிட்டேன். இரண்டாவது கதவு திறக்கும், மூடாது. கணேசன் தனக்குத் தெரிந்த தச்சர் ஒருவரைக் கூட்டிவரட்டுமா என்று மெதுவாகக் கேட்டான். வேண்டாம் என்றேன். இதை நான்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம். கோபமெல்லாம் யார் மேலும் இல்லை, என் மேல்தான்.

மூன்றாவது கதவு நின்றது. வியாழக்கிழமை மத்தியானம் தாழ்ப்பாளை முறுக்கினேன். மறுநாள் பஸ்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளைக் கூட்டிப் போனேன். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பிளாஸ்க், ஒரு புத்தகம், கொஞ்சம் முறுக்கு. பெட்டி வீட்டில் அலமாரி ஓரத்தில்தான் இருந்தது. பஸ் இரவு ஒன்பதுக்கு. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கதவைத் தள்ளி உள்ளே போனாள். நாற்காலியைப் போட்டுப் பார்த்தாள், இடம் மாற்றினாள், மறுபடி மாற்றினாள். ஜன்னலுக்கு நேராகப் போட்டால் வெளிச்சம் நன்றாக விழும் என்று என் நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கினேன்.

பிறகு கதவை மூடினாள். மூடும்போது கீழே வலது மூலை தரையில் உரசியது. முந்தின நாள் மழையில் பலகை ஊறியிருக்கிறது. அரைக்கால் அங்குலம் இழைத்தால் சரியாகிவிடும். இழைப்புளி காரிலேயே இருக்கிறது. சத்தம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. அவள் இன்னொரு தடவை அழுத்தித் தள்ளினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தக் கதவுக்கு வெளியே நான் நின்ற கஷ்டம் எனக்குத்தான் தெரியும். கையை இடுப்பில் வைத்தேன், பின்னால் கட்டினேன், கடைசியில் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

“எத்தனை மணிக்கு வரட்டும்?” என்றேன், கதவைப் பார்த்து.

“நான் போன் பண்றேன்.”

வீட்டுக்குப் போனேன். மதியம் நானே சோறு வைத்தேன். அடி பிடித்தது. திருத்த ஆளில்லை, சாப்பிட்டேன். மேசையில் போனை வைத்துவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்தேன். மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. கல்யாணமான நாளாய் வரச் சொல்லி அவள் எனக்குப் போன் செய்ய வேண்டிய அவசியமே வந்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவள் கூப்பிடுவதற்கு முன்னாலேயே நான் எப்போதும் போய் நின்றிருக்கிறேன்.

ஐந்தரைக்குப் போன் அடித்தது.

“வாங்க” என்றாள். “வாங்கோ” இல்லை. கேட்டுக்கொண்டேன். பிறகு, டிக்கெட்டை கேன்சல் பண்ணச் சொல்லி மகளிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவள் பாட்டுக்குப் பேசினாள். பகல் முழுக்க ஒரு ஆள் வரவில்லையாம். பாதிப் புத்தகம் முடிந்துவிட்டதாம். நடுவில் ஒரு தூக்கமும் போட்டாளாம்.

“வரும்போது இழைப்புளி எடுத்துட்டு வாங்க. கதவு கீழ உரசுது.”

“அப்படியா?” என்றேன். “நான் கவனிக்கவே இல்லையே.”